கணக்கில் வராத லாரிகள்

டிரெசர் நல்லமுத்து சட்டமன்றத் தேர்தலில் நிற்கப்போகிறார் என்று கேட்டபோது அக்னஸ் ஆச்சரியப்படவில்லை. அவர் நிற்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பாள். மலாக்காவில் பாயா ரும்புட்டுக்கு அப்பால் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தின் ஆஸ்பத்திரியில் அவர் இருபத்திரண்டு வருடமாக டிரெசராக இருந்து மருந்து கட்டி, ஊசி போட்டு வந்தவர். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு அரசாங்கம் சண்டை போட்ட அவசரகாலத்தின் கெட்ட வருடங்களில், தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று, பால்மரம் சீவப் போகிறவர்கள் ஒரு பிடிச் சோறுகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. அந்த நாளில் கேட்டில் நின்ற போலீஸ் அதிகாரியிடம் தினமும் வாதாடி, வயிற்றுப்பிள்ளைக்காரிகள் மட்டும் ஒரு டப்பாக் கஞ்சி எடுத்துப்போக அனுமதி வாங்கித் தந்தவர் நல்லமுத்து. அப்படிப் பிறந்த பிள்ளைகளைத் தோட்டத்தில் விளையாட்டாகக் 'கஞ்சிப் பிள்ளைகள்' என்று சொல்வார்கள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது. சுதந்திரம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவசரகாலம் காகிதத்தில் இன்னும் முடியவில்லை என்றாலும் மலாக்காவில் ஊரடங்கை எடுத்துப் பல வருடம் ஆகிவிட்டது; முள்கம்பியில் பெண்கள் துணி காயப்போட்டார்கள். குடியுரிமைப் பத்திரம் புதிதாக வாங்கியிருந்த தோட்டத்து ஜனங்கள் முதல்முறையாக ஓட்டுப் போடக் காத்திருந்தார்கள்.

அக்னஸுக்கு அப்போது முப்பத்தொரு வயது. டவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. தாயாரோடு தஞ்சோங் கிளிங்கில் குடியிருந்தாலும் பிறந்து வளர்ந்தது அந்தத் தோட்டத்தில்தான். அவளுடைய அப்பா அங்கே கோயில்பிள்ளையாக இருந்து சிறு தேவாலயத்தைப் பார்த்துக்கொண்டவர். அவர் படுத்த படுக்கையாகக் கிடந்த எட்டு மாதமும் தினம் இரண்டு வேளை வந்து பார்த்தவர் நல்லமுத்து. அதனால், "எனக்குத் தேர்தல் ஏஜெண்டா நீதான் இருக்கணும், சட்டம் தெரிஞ்ச ஆளு வேற யாரு இருக்கா?" என்று அவர் கேட்டபோது அவளால் மறுக்க முடியவில்லை.

டெபாசிட் பணத்தைத் தோட்டமே கொடுத்தது. இருதயம்மாள் என்ற பால்மரம் சீவும் பெண், வாய்க்காரி, யாருக்கும் பயப்படாதவள், சம்பளத்தன்று வீடு வீடாகப் போய் ஐம்பது காசு ஐம்பது காசாக வாங்கிக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து அக்னஸிடம் கொடுத்தாள். ரசீது கேட்டாள். அக்னஸ் எழுதிக் கொடுத்ததை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

டெபாசிட் கட்டியதோடு பணம் தீர்ந்துவிட்டது. எதிர்த்து நின்றவரிடம் ஒலிபெருக்கி கட்டிய கார்கள் நான்கு இருந்தன. நல்லமுத்துவிடம் ஒரு சைக்கிள் இருந்தது. தொகுதியோ செங் என்ற ஊரின் கடைத்தெருவிலிருந்து கடற்கரைச் சாலைவரை நீண்டு கிடந்தது. இரண்டு வாரம் சைக்கிளில் சுற்றியதில் அவருக்குக் காய்ச்சல் கண்டதுதான் மிச்சம்.

தங்கையா வந்தது அப்போதுதான். டவுனில் லாரிகள் வைத்திருந்தவர், நிலம் வாங்கி விற்கும் தரகும் செய்தார். அதிராமல் பேசுகிற மனிதர். செங்கில் தேர்தலுக்காக எடுத்திருந்த பழைய கடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, மூன்று லாரி தருகிறேன், ஒலிபெருக்கி வண்டி ஒன்று தருகிறேன், போஸ்டர் அச்சடிக்கிற செலவும் என்னுடையது என்றார். பதிலுக்கு என்ன வேண்டும் என்று நல்லமுத்து கேட்டார். ஒன்றும் வேண்டாம், நம்ம ஆள் ஒருவர் உள்ளே போனால் போதும் என்றார் தங்கையா.

அக்னஸ் குறுக்கிட்டாள். தேர்தல் செலவு எல்லாம் ஏஜெண்டின் கை வழியாகத்தான் போக வேண்டும், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுதிச் சத்தியம் செய்ய வேண்டும், செலவுக்கு ஒரு வரம்பும் உண்டு, அதனால் எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டாள்.

தங்கையா சிரித்தார். "எழுதுனாத்தான் தங்கச்சி அது செலவு. எழுதலைன்னா சிநேகிதம்லா."

அவள் நல்லமுத்துவைப் பார்த்தாள். காய்ச்சலில் கன்னம் ஒட்டிப்போயிருந்த அந்த முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு தெளிச்சி தெரிந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னார். அவளும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அவள் விட்டது அவருக்காக மட்டும் இல்லை. ஒலிபெருக்கி வண்டியில் ஏறி மைக்கைப் பிடித்து, ஓட்டுச்சாவடி எது, அடையாளக் கார்டை எப்படிக் காட்ட வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டு போனபோது, அவள் குரல் லயத்தின் கடைசி வீடுவரை கேட்டது. பெண்கள் அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்கள். ஆபீசில் நாள் முழுக்க அடுத்தவர்கள் சொன்னதையே டைப் அடித்துப் பழகியவளுக்கு அது பிடித்திருந்தது. அதைப் பின்னால் அவளே பலரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

ஓட்டுப்பதிவு நாளில் மூன்று லாரியும் விடியலிலிருந்து ஓடின. ஏறியவர்களுக்கு வாழையிலைப் பொட்டலத்தில் சோறும் கறியும் கிடைத்தன. நல்லமுத்து இருநூற்றுப் பதினொரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். லாரியில் வந்து இறங்கியவர்கள் அதைவிட அதிகம்.

மூன்று வாரத்துக்கெல்லாம் தோட்டத்து ஆபீஸ் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். தோட்டத்தை வெள்ளைக்காரக் கம்பெனி விற்றுவிட்டது. வாங்கியவர்கள் பத்துப் பத்து ஏக்கராகத் துண்டு போட்டு விற்கப்போகிறார்கள். லயத்தில் இருப்பவர்கள் ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். அடியில் வாங்கியவர்களின் சார்பாகக் கையெழுத்துப் போட்டிருந்தவர் தங்கையா.

இருதயம்மாளும் இன்னும் பத்துப் பேரும் நல்லமுத்துவைத் தேடிப் போனார்கள். அவர் காப்பி கொடுத்து உட்காரவைத்தார். சட்டமன்றம் கூடட்டும், நேரம் பார்த்துப் பேசுகிறேன் என்றார். எந்த நேரம் என்று இருதயம்மாள் கேட்டதற்கு அவர் இன்னொரு தடவை காப்பி ஊற்றினார். அடுத்த தடவை அவர்கள் போனபோது அவர் வீட்டில் இல்லை என்று சொல்லப்பட்டது. அவருடைய சைக்கிள் வாசலில்தான் நின்றிருந்தது.

தேர்தல் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய இன்னும் எட்டு நாள் இருந்தபோது, தங்கையா ஒரு காகிதத்தை அக்னஸின் ஆபீசுக்கு அனுப்பிவைத்தார். கணக்கு அதில் தயாராக இருந்தது. டெபாசிட், கடை வாடகை, கொஞ்சம் பெட்ரோல், ஐந்நூறு துண்டுப் பிரசுரம். லாரி இல்லை. ஒலிபெருக்கி வண்டி இல்லை. சோற்றுப் பொட்டலம் இல்லை. கீழே அவள் பெயருக்கும் நல்லமுத்து பெயருக்கும் இடம் விட்டிருந்தது.

அக்னஸ் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டைப்ரைட்டரில் இன்னொரு காகிதத்தைச் செருகி உண்மைக் கணக்கை அடித்தாள். எந்த லாரி எத்தனை நாள் ஓடியது, அச்சகத்தில் எத்தனை போஸ்டர், யார் கொடுத்தது, எல்லாம். கூட்டிப் பார்த்தபோது சட்டம் வைத்த வரம்பைப் போல இரண்டரை மடங்கு வந்தது. இதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று வக்கீல் ஆபீஸ்காரிக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. தோற்றவர் வழக்குப் போடுவார், பதவி போகும். ஏஜெண்டாக இருந்து இதை நடக்கவிட்ட குற்றத்துக்கு அவளுக்கும் தண்டனை உண்டு. கொடுக்காமல் மற்றதில் கையெழுத்துப் போட்டால் பைபிளைத் தொட்டுப் பொய் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஜனங்களைக் கூட்டும்படி இருதயம்மாளிடம் சொல்லியிருந்தாள். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். லாரி யாருடையது, ஏன் கொடுத்தார், தான் ஏன் வாயை மூடிக்கொண்டு இருந்தாள் என்று அக்னஸ் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். உண்மையை எழுதிக் கொடுத்தால் நீங்கள் ஐம்பது காசு போட்டு அனுப்பிய ஆள் பதவியை இழந்துவிடுவார், அதைக் கேட்காமல் செய்ய எனக்கு மனமில்லை என்றாள்.

முனுசாமி என்ற பழைய தொழிலாளி எழுந்து நின்றார். டிரெசர் இல்லாவிட்டால் தன் இரண்டாவது மகன் இன்றைக்கு இல்லை என்றார். "ஒரு தப்புப் பண்ணிட்டாரு. அதுக்காக நம்ம மனுசன நாமளே தள்ளி விடுறதா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். பலர் தலையாட்டினார்கள்.

இருதயம்மாள் அக்னஸைப் பார்த்தாள். "உனக்கு என்னா ஆகும்? அத மொதல்ல சொல்லு."

"அபராதம் போடுவாங்க அக்கா. அஞ்சு வருஷம் ஓட்டுப் போட முடியாது."

"ஜெயிலு?"

"அந்த அளவுக்குப் போகாதுன்னு நெனைக்கிறேன்."

இருதயம்மாள் முனுசாமி பக்கம் திரும்பினாள். "அண்ணே, அவரு போயிருவாரு போயிருவாருன்னு சொல்றீங்க. நம்ம கையில இருந்தாத்தானே போறதுக்கு? நோட்டீஸ் ஒட்டி இருவது நாளாச்சு. வாயத் தொறந்தாரா?"

உண்மைக் கணக்கைக் கொடுக்கலாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது முனுசாமியும் மெதுவாகத் தூக்கினார்.

அங்கிருந்து அக்னஸ் நேராக நல்லமுத்துவின் குவார்ட்டர்ஸுக்கு நடந்தாள். இந்தத் தடவை அவரே கதவைத் திறந்தார். அவள் டைப் அடித்த காகிதத்தை மேசைமேல் வைத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக, மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல் படித்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார்.

"மறைக்கச் சொல்வீங்கன்னு நெனச்சேன், டிரெசரய்யா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நோட்டீஸ் பத்திப் பேசக் கூடாதுன்னு தங்கையா ஒரு வார்த்தை எங்கிட்ட சொன்னதில்லமா. சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். அவரு எதுவுமே சொல்லல. நானாத்தான் வாய மூடிக்கிட்டேன்."

வியாழக்கிழமை மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் செய்யப் போகிறேன், வேட்பாளரின் கையெழுத்தும் வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் வந்துவிட்டாள். வருவேன் என்றும் அவர் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிவரை கோர்ட்டு வராந்தாவில் அவள் தனியாக நின்றாள். உள்ளே இருந்த குமாஸ்தா இரண்டு தடவை வந்து, வேட்பாளர் எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார். பன்னிரண்டு அடிக்கச் சற்று முன்பு நல்லமுத்து சைக்கிளில் வந்து இறங்கினார். ஆஸ்பத்திரிக்குப் போடுகிற வெள்ளைக் கால்சட்டை; சங்கிலி எண்ணெய் ஒரு காலில் கறையாகி இருந்தது. உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் கேன்டீனில் இருவருக்கும் தேநீர் வாங்கினார்.

வழக்கு வருவதற்கு நான்கு மாதம் ஆயிற்று. அதற்கு முன்னால் சட்டமன்றம் ஒரு தடவை கூடியது. நல்லமுத்து எழுந்து தோட்டத் துண்டாடலைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். விற்றவர்கள் யார், வாங்கியவர்கள் யார், அவர்களில் ஒருவரின் லாரியில்தான் தனக்கு ஓட்டு வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னார். பத்திரிகைகள் அதைப் போட்டன. அதன் பிறகு அரசாங்க அதிகாரிகள் தோட்டத் தொழிலாளர் சங்கத்தையும் வாங்கியவர்களையும் கூப்பிட்டுப் பேசினார்கள். விற்பனை நிற்கவில்லை. ஆனால் ஒரு மாத நோட்டீஸ் எட்டு மாதமாயிற்று. சாலையோரம் இருந்த முப்பத்தொரு குடும்பத்துக்கு வீட்டு மனை கிடைத்தது. இருதயம்மாளுக்கும் ஒன்று. மற்றவர்கள் செங்குக்கும் சிங்கப்பூருக்கும் வேறு தோட்டங்களுக்குமாகப் பிரிந்து போனார்கள். முனுசாமி குடும்பம் போனதில் ஒன்று.

அந்த நாட்களில் தங்கையா ஒரு தடவை வக்கீல் ஆபீசுக்கு ஏதோ பத்திர வேலையாக வந்தார். அக்னஸின் மேசை அருகே நின்று, கோபமே இல்லாமல், "எனக்கு இதுல ஒண்ணும் நட்டமில்ல தங்கச்சி. தோட்டம் வாங்கியாச்சு. கேசு உங்க ரெண்டு பேரு மேலதான்," என்றார். அது உண்மைதான் என்று அவளுக்குத் தெரியும். கொடுத்தவரைத் தொட அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட அவளுக்கு அகப்படவில்லை.

தேர்தல் செல்லாது என்று தீர்ப்பானது. இருவருக்கும் அபராதம், ஐந்து வருடம் ஓட்டும் இல்லை. வேலை போய்விடும் என்று அக்னஸ் எதிர்பார்த்தாள். அவளுடைய வக்கீல் தீர்ப்பை உட்கார்ந்து முழுதாகப் படித்தார். மறுநாள் காலை வழக்கம்போல இரண்டு பத்திரங்களை டைப் அடிக்கக் கொடுத்தார்.

இடைத்தேர்தலில் பள்ளிக்கூட ஆசிரியர் தனபாலன் நின்றார். ஜனங்கள் நடந்தே போய் ஓட்டுப் போட்டார்கள். இருதயம்மாள் ஓட்டுப் போடப் போன நேரத்தில் அவளுடைய பேத்தியைப் பார்த்துக்கொள்ள அக்னஸ் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். தனபாலன் அறுபது ஓட்டில் தோற்றார். இருதயம்மாள் அதை இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த தடவைக்கு இப்போதே வீடு வீடாகப் போக ஆரம்பிக்க வேண்டும் என்றாள்.

நல்லமுத்து செங் கடைத்தெருவில் ஒரு சின்ன மருந்துக்கடை போட்டார். மனை கிடைத்த முப்பத்தொரு குடும்பமும் காய்ச்சல், வயிற்றுவலி என்றால் அவரிடம்தான் போனது. அம்மாவின் முழங்கால் வலிக்குத் தைலம் வாங்க அக்னஸ் ஒரு சனிக்கிழமை அங்கே போனாள். எப்படித் தேய்க்க வேண்டும், எந்த நேரத்தில் தேய்க்க வேண்டும் என்று விலாவாரியாகச் சொல்லிக் கொடுத்தவர், புட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"உனக்கு ஓட்டு வர இன்னும் எத்தன வருஷம்?"

"நாலு, டிரெசரய்யா."

"எனக்கும் நாலுதான்," என்றார் அவர்.

இருவருக்கும் சிரிப்பு வந்தது. வெளியே பஸ் வரும் சத்தம் கேட்டது. அக்னஸ் தைலத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஓடினாள்.