அவருடைய ஜெபம்

வீட்டில் ஜெபம் பண்ணுவது எப்போதும் அவர்தான். அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்து கடைசியில் ஆமென் சொல்வாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். சபையில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொருவராக ஜெபிக்கும்போதுகூட, தன் முறை வந்தால் பக்கத்தில் இருப்பவரின் கையை லேசாக அழுத்திவிடுவாள். என்னை விட்டுவிட்டு நீங்கள் தொடருங்கள் என்று அர்த்தம்.

அவர் பேருந்து ஓட்டுநர். தெருமுனையில் பேசினால் சமையலறையில் கேட்கும். சபையில் அவருக்கு ‘மைக்செட்’ என்றே பெயர். அந்தக் குரலைத்தான் பக்கவாதம் கொண்டுபோய்விட்டது, வலது கையோடு சேர்த்து. மருத்துவமனையிலிருந்து திரும்பியபின் அவரிடம் மிஞ்சியது ஒரே ஒரு சத்தம். “ஆ.” தண்ணீருக்கும் அதுதான், வலிக்கும் அதுதான்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாளெல்லாம் ரத்தம் தடவிய கண்ணாடித் தகடுகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பாள். வாய் திறக்க வேண்டியதில்லை. முன்பெல்லாம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து “வந்துட்டியா?” என்று கேட்கும். இப்போது மின்விசிறிச் சத்தம்தான். இருந்தாலும் அவள் செருப்பை மெதுவாகவே கழற்றினாள்.

விளக்கு போடும் நேரத்தில் அவர் இடது கையால் கட்டிலைத் தட்டுவார். ஜெபம் வேண்டும். அவளுக்குப் புரியும். புரியாதவள்போல் போர்வையைச் சரிசெய்வாள். கொஞ்ச நேரம் தட்டிவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஒரு சாயங்காலம் நாத்தனார் வந்தாள். அண்ணனுக்குத் தப்பாத குரல்.

“கண்ண மூடுண்ணே, நான் பண்றேன்.”

அவர் மூடவில்லை. மனைவியின் பக்கம் விரலை நீட்டினார்.

“பாத்தீங்களா அண்ணி? நான் தொண்டத் தண்ணி வத்தக் கத்துனாலும் செல்லாது. உங்களதுதான் வேணுமாம்.”

“எனக்கு வராது.”

“பரீட்சையா எழுதப் போறீங்க? ஆண்டவர் மார்க்கு போட மாட்டாரு.”

“நீ இருந்தா சுத்தமா வராது.”

“சரி தாயே, கிளம்பிட்டேன்.” வாசல்வரை போனவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். “இப்பவாச்சும் அண்ணி பேசட்டும். நீ எங்க விட்ட?”

அவர் முகத்தில் ஒரு பாதி மட்டும் சிரித்தது.

கதவைச் சாத்திவிட்டு அவள் கட்டிலருகே உட்கார்ந்தாள். அவருடைய வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். சொந்தமாக ஒரு வார்த்தையும் வரவில்லை. தினமும் கேட்டதுதான் வந்தது.

“ஆண்டவரே, இந்த நாளுக்காக ஸ்தோத்திரம். வண்டியில ஏறுன எல்லாரையும் பத்திரமா எறக்கிவிட்டீரே, ஸ்தோத்திரம். என் மனைவியோட முழங்கால் வலியப் பாத்துக்கும். அவ வாய் தொறந்து எதையும் கேக்க மாட்டா. அவளுக்கும் சேத்து நான்தான் கேக்கணும். அவளத் தனியா விட்டுடாதிரும்...”

அப்போதுதான் என்ன சொல்கிறோம் என்று உறைத்தது. நிறுத்தினாள்.

கட்டில் குலுங்கியது. அவர் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணோரம் நனைந்திருந்தது.

“சிரிக்காதீங்க. மனப்பாடமா இருந்தது, அப்படியே வந்துடுச்சு.”

“ஆ.”

இத்தனை வருஷமும் அந்த வார்த்தைகள் அவள் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தன. அவள்தான் கண்ணை மூடிக்கொண்டு அடுப்பை அணைத்தோமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். இனிமேல் எனக்காக யார் கேட்பார்கள் என்று நினைத்தாள். உடனே இன்னொன்றும் தோன்றியது. அவர் கேட்டதெல்லாம் கேட்டாகிவிட்டது. அந்த ஜெபம் போய்ச் சேர்ந்த இடத்தில் பக்கவாதம் வராது.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு கண்ணை மூடினாள். அவரும் மூடினார்.

“ஆண்டவரே, எனக்கு இவரு பேசணும். திட்டுனாக்கூடப் போதும்.” கொஞ்சம் யோசித்தாள். “அதுவரைக்கும் நீர் இங்கயே இரும். எனக்கு வேற எப்படிக் கேக்குறதுன்னு தெரியல.”

கண்ணைத் திறந்தாள். அவர் இன்னும் திறக்கவில்லை. அவள் மேலும் சொல்லக் காத்திருப்பவர்போல் அசையாமல் இருந்தார். அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.