முதலைக் காலும் ஆமைக் காலும்

1

“செருப்பு!”

மீன் விற்கும் பெண்களில் ஒருத்தி சந்தை நடுவில் போட்ட அந்த அலறலில்தான் இந்தக் கதை பிறந்தது. துப்பாக்கிச் சத்தத்தில் ஆரம்பித்தால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று தலைநகர் அக்ராவிலிருந்து என் ஆசிரியர் போனில் சொன்னார். வாரப் பத்திரிகைக்காரர். முதல் வரியில் எதுவும் வெடிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அவருக்காக ஒன்று எழுதியும் பார்த்தேன்:

அசுவோமா அரண்மனை முற்றத்தில் மூன்று துப்பாக்கிகள் ஒரே சமயத்தில்

வேண்டாம். அன்று எதுவும் வெடிக்கவில்லை. ஒரு வாரம் பெய்த மழையில் அரண்மனை வெடிமருந்தெல்லாம் கூழாகிக் கிடந்தது.

அலறல் கேட்டபோது நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். யாருடைய செருப்பைப் பார்த்து அவள் அலறினாளோ, அவர் என் அப்பா. இதை எழுதலாமா என்று பிறகு அவரிடமே கேட்டேன். “எழுது. ஆனா என்னைக் கொஞ்சம் உயரமா எழுது” என்றார்.

ஆகவே இந்தக் கதையில் அவர் ஆறடி.

2

அப்பாவின் பெயர் அம்போன்சா. எங்கள் ஊர் அசுவோமாவின் தலைவர். பீடத்தில் அமர்ந்தவர். எங்கள் பக்கம் மருமக்கள் தாயம். அப்பாவுக்குப் பிறகு பீடம் எனக்கு வராது, அவருடைய அக்கா மகன் அசாரேவுக்குத்தான் போகும். எனவே இந்த விவகாரத்தில் எனக்கு லாபமும் இல்லை, பொய் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. (பொய் சொல்வது என் தொழில் என்பது வேறு கதை.)

தலைவருக்கு உள்ள கட்டுப்பாடுகளைச் சொன்னால் நீங்கள் பரிதாபப்படுவீர்கள். நாலு பேர் முன்னால் சாப்பிடக் கூடாது. சபையில் நேராக வாய் திறந்து பேசக் கூடாது. வாக்குக்காரர் காதில் மெல்லச் சொல்ல வேண்டும், அவர் அதை அழகுபடுத்தி ஊருக்குச் சொல்வார். எல்லாவற்றுக்கும் மேலாக, வெறும் காலை மண்ணில் வைக்கக் கூடாது. ஒரு தலைவரை இறக்க எங்களுக்குக் கத்தியும் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம். செருப்பைக் கழற்றினால் போதும். உள்ளங்கால் மண்ணில் பட்ட நொடியிலிருந்து அவர் வெறும் ஆள்.

அதனால் அந்தச் செருப்புகளுக்கு அப்பாவைவிட மரியாதை அதிகம். பரிசல் மாதிரி அகலம். இடது செருப்பில் பொன்முலாம் பூசிய முதலை. வலது செருப்பில் ஆமை. ஊரில் அப்பாவின் கால்களுக்கே முதலைக் கால், ஆமைக் கால் என்றுதான் பெயர்.*

* அம்மா இந்த இடத்தைப் படித்துவிட்டு, ஆமைக் காலில் ஆணி உண்டு, அதையும் எழுது என்றாள். எழுதிவிட்டேன்.

இத்தனை கட்டுப்பாடுகள் உள்ள மனிதருக்கு வந்த ஆசையைப் பாருங்கள்: நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க வேண்டுமாம். பீடத்தில் இருப்பவர் தேர்தலில் நிற்கக் கூடாது என்பது நாட்டுச் சட்டம். பீடத்தை விட மனமில்லை, தொகுதியை விடவும் மனமில்லை. மாதக் கணக்காக ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். கட்சியின் மாவட்டச் செயலாளர் சார்போங் கெடு வைத்துவிட்டார்: வெள்ளிக்கிழமைக்குள் பீடத்தை விட்டு இறங்கி வந்தால் சீட்டு, இல்லாவிட்டால் சீட்டு வேறொருவருக்கு.

செருப்பு தொலைந்தது வியாழக்கிழமை.

3

வெள்ளம் பார்க்க வந்தோம். தலைவர் என்றால் ஜீப்புக்குள் உட்கார்ந்தபடி கண்ணாடியை இறக்கி வருத்தப்பட்டால் போதும். ஆனால் சார்போங் ஒரு புகைப்படக்காரரோடு நின்றிருந்தார். புகைப்படக்காரரைக் கண்டதும் அப்பாவுக்குள் இருந்த எம்.பி. கதவைத் திறந்து குதித்துவிட்டார்.

[இங்கே மழை, சேறு, மிதக்கும் தக்காளிக் கூடைகள் என்று ஒரு வர்ணனை இருந்தது. ஆசிரியர் வெட்டிவிட்டார்.]

முதல் எட்டிலேயே இடது கால் புதைந்தது. அப்பா வெடுக்கென்று இழுத்தார். கால் வந்தது, முதலை வரவில்லை. மீன்காரி அலறினாள். அப்பா முதலைக் காலை அந்தரத்திலேயே நிறுத்திக்கொண்டார். கால் செருப்பிலிருந்து நேராக ஆகாயத்துக்குத்தான் வந்தது, மண்ணைத் தொடவில்லை என்பதைச் சந்தையே பார்த்தது. ஆமைக் கால் கெண்டைச்சதை வரை சேற்றில். ஒரு கை வாக்குக்காரர் புவாச்சி தோளில். மறு கையில் வேட்டியளவு அங்கி. மேலே குடைக்காரன் குடை பிடிக்க, ஆறடி உயரத்தில் ஒரு கொக்கு.

குதித்த இடத்திலிருந்து ஜீப் ஒற்றைக் காலுக்கு எட்டாது, நெருங்கி வந்தால் ஜீப்பும் புதையும். பல்லக்கு கொண்டுவர ஆள் ஓடியது. பல்லக்கு பாலத்துக்கு அந்தப் பக்கம் லாரி நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தது. முதுகில் சுமந்து போகிறேன் என்று கறிக்கடைக்காரர் ஒருவர் முன்வந்தார். பல்லக்கில் போனால் தலைவர், முதுகில் போனால் கிழங்கு மூட்டை என்று என் அத்தை அவரைத் துரத்தினாள்.

அத்தை டுஃபியே ராஜமாதா. தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் அவள்தான், திட்டுவதும் அவள்தான். ஜீப்பின் பின்சீட்டில் இருந்தபடியே தலையை நீட்டினாள்.

“தம்பி, காலைக் கீழ வச்சே, உன்னை எனக்குத் தெரியாது.”

இந்தப் பக்கம் சார்போங் குழைந்தார். “தலைவரே, மெதுவா வைங்க. ஒரே ஒரு படம். சேத்துல இறங்குன தலைவர்னு நாளைக்கு நாடே பேசும். சீட்டு உங்களுக்குத்தான்.”

அப்பா இருவரையும் பார்த்தார். பிறகு புவாச்சியின் காதருகே குனிந்து, கால் மரத்துப்போகிறது, அந்த எழவைச் சீக்கிரம் தேடச் சொல் என்றார். எனக்குத் தெளிவாகக் கேட்டது. புவாச்சி தன் தங்கப்பூண் கோலை உயர்த்தினார்.

“மக்களே! உங்க துயரத்துல பாதியைத் தான் சுமக்கணும்னுதான் தலைவர் ஒத்தக் காலுல நிக்கிறார்.”

மீன்காரிகள் கண்ணைத் துடைத்தார்கள். தலையில் தண்ணீர்ப் பொட்டலம் சுமந்தவள்கூட நின்று கைதட்டினாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு வரியைத் திருத்துவது எப்படி என்று புவாச்சியிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

4

இப்போது எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம்.

அசாரே. அடுத்த வாரிசு. கதை இலக்கணப்படி அவன் வில்லனாக இருக்க வேண்டும். அப்பாவின் கால் தரையில் பட்டால் பீடம் அவனுக்கு. நானும் அப்படித்தான் முதலில் எழுதினேன்:

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அசாரேவின் கண்களில் ஒரு விபரீத ஒளி

அடித்துவிட்டேன். உண்மையில் அவன் கூட்டத்தின் ஓரத்தில் நிற்கவே இல்லை. சேற்றில் முழங்கை வரை விட்டு, நாய் எலும்பு தோண்டுவதுபோல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். அந்தச் சந்தையில் அவன் அளவுக்கு உயிரைக் கொடுத்துத் தேடியவர் எவருமில்லை. அசாரே குமாசி ரோட்டில் மினி பஸ் ஓட்டுபவன். ஸ்டாண்டில் நின்று வறுத்த மீனைக் கையால் பிய்த்துத் தின்று, எதிரே வரும் டிரைவர்களின் குடும்பத்தையே சந்திக்கு இழுத்து வாழ்பவன். பீடத்தில் ஏறினால் மீனும் போச்சு, வாயும் போச்சு.

“மச்சான், குனிடா. கையை விடு. உங்கப்பா காலை வச்சா என் வாழ்க்கை முடிஞ்சுது” என்று என்னைப் பார்த்துக் கெஞ்சினான்.

குனிந்தேன். ஆனால் நான் எழுத்தாளன். செருப்பைவிட முகங்களைத்தான் அதிகம் தேடினேன். அதனால் ஒன்றைப் பார்த்தேன். அப்பா தள்ளாடித் தள்ளாடி நின்றவர், ஒரு கட்டத்தில் இடுப்பை லேசாக ஒரு திருகு திருகினார். அதன்பின் தள்ளாட்டம் நின்றுவிட்டது. முகம் ஒரு மாதிரி மாறியது. வெயிலில் நடந்து வந்தவன் பானைத் தண்ணீரில் கை வைத்ததுபோல. பீடத்தில் ஏறிய நாளிலிருந்து அந்த முகத்தில் நான் காணாத ஒரு சுகம்.

‘வலி தாங்காத முகம்’ என்று எழுதினேன். அடித்தேன். வேறு வார்த்தை கிடைக்கவில்லை. இடம் விட்டிருக்கிறேன்: ____________

5

முடிவுகள் சில கைவசம் உள்ளன.

ஒன்று, அப்பா துணிந்து முதலைக் காலை வைக்கிறார், சட்டமன்றமோ நாடாளுமன்றமோ ஏதோ ஒன்றுக்குப் போகிறார். ஆசிரியருக்கு இது பிடிக்கும். அத்தை எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்துவாள், அம்மாவுக்கும் பிடிக்கும்.

இன்னொன்று உண்மையிலேயே நடக்கப் பார்த்தது. சார்போங் ஓடிப்போய்ச் சுவரிலிருந்து ஒரு சுவரொட்டியைக் கிழித்து வந்து அப்பாவின் காலுக்கடியில் விரித்தார். காகிதத்தில் வைத்தால் மண்ணில் வைத்ததாகாதே, கால் ஆறட்டும் என்றார், சேற்றில் காகிதம் எத்தனை நொடி தாங்கும் என்பதை மட்டும் சொல்லாமல். அதில் சிரித்துக்கொண்டிருந்தது எதிர்க்கட்சி வேட்பாளர். அவர் முகத்தில் கால் வைத்தால் அது கட்சி அரசியல், அதற்கும் பீடம் போகும் என்று புவாச்சி கண்டுபிடித்துவிட்டார். சுவரொட்டி நனைந்து மூழ்கியது. மூழ்கும்வரை அந்த மனிதர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது முடிவில் பல்லக்கு வந்து சேர்கிறது. அது மிகச் சாதாரணமான முடிவு. சிக்கல் என்னவென்றால், அதுவும் நடந்தது. பாலத்தில் நெரிசல் விட்டு, தூக்குகிறவர்கள் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார்கள். முரசு கேட்டது. ஊர் ஆர்ப்பரித்தது. தலைவரின் கால் மண்ணில் படவில்லை என்று புவாச்சி மூன்று முறை முழங்கினார். அத்தை ஜீப்பில் சாய்ந்து கண்ணை மூடினாள். சார்போங் புகைப்படக்காரரிடம் கேமராவை மூடச் சொன்னார்.

அங்கேயே முற்றும் போட்டிருக்கலாம்.

6

ஆனால் அசாரே இன்னும் தோண்டிக்கொண்டிருந்தான்.

பல்லக்கு இருபதடி தூரத்தில் இருக்கும்போது அவன் கை எதையோ பிடித்தது. முகம் மலர்ந்தது. சேற்றை வழித்தான். பொன் மின்னியது. உடனே அதை அப்பாவின் அங்கி மறைவுக்குள் இழுத்துக்கொண்டு, அவர் முழங்கால் அருகே குந்தியபடியே மேலே பார்த்தான். அப்பா கீழே பார்க்கவில்லை. பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புவாச்சியின் கோல் பாதி உயர்ந்தபடி அப்படியே நின்றது.

அடுத்து அசாரே சொன்னது எங்கள் நான்கு பேருக்கு மட்டும்தான் கேட்டது: அப்பா, புவாச்சி, நான், அவன். அப்பா பீடத்தில் இருக்கிறாரா, இறங்கிவிட்டாரா என்பதை நான் எழுதப்போவதில்லை. வாக்குக்காரரின் வேலையை இந்த ஒருமுறை உங்களிடம் தருகிறேன். கோலை வாங்கிக்கொள்ளுங்கள், ஊர் காத்திருக்கிறது. வரியைத் திருத்தாமல் தருகிறேன்.

“மாமா, முதலை இன்னும் கிடைக்கல. இது ஆமை.”