பக்கத்தின் முதுகு

பாலர் வகுப்பு டீச்சருக்கு நாத்தனார்மேல் மூன்று வருஷக் கோபம். வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், "இவளுக்கென்ன, மூக்கு துடைச்சுவிட்டே சம்பளம் வாங்கறா" என்று சிரிக்கிற வாய் அது. டீச்சரும் கூடச் சிரித்துவைப்பாள். வயிறு மட்டும் எரியும்.

அந்த நாத்தனாரின் மகன் பட்டாணி இந்த வருஷம் அவள் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்தான். ஐந்து வயசு. வீட்டுப்பாட நோட்டில் எண்கள் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். வகுப்பிலோ பென்சிலைத் தொடமாட்டான். மணல் தட்டில் விரலால் 3 போடச் சொன்னால்கூடக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான்.

டீச்சர் ஒருநாள் நோட்டைத் திருப்பி, பக்கத்தின் முதுகைத் தடவிப் பார்த்தாள். எழுதப் பழகுகிற குழந்தை உயிரைக் கொடுத்து அழுத்தும். பின்புறமெல்லாம் மேடு மேடாகத் தட்டுப்படும். இது வழவழவென்று இருந்தது. பெரியவர் கை.

"மாட்டினீங்களா, அண்ணி!" என்று நாத்தனாரை நினைத்து மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். எல்லார் முன்னாலும் அந்த நோட்டை விரித்துவைத்து, பட்டாணியைப் பலகையில் எழுதச் சொல்வதுதான் திட்டம். அவன் முழிப்பான், நாத்தனார் முகம் தொங்கும். அதை நினைத்து நினைத்தே நாலு நாள் நன்றாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை பட்டாணி அவள் விரலைப் பிடித்து இழுத்தான்.

"அத்தை, இன்னைக்கு நான் எழுதணுமா?"

"ஏன்டா கண்ணு?"

"எனக்கு வராது. 'ஒரு மூணு போட இவ்வளவு நேரமா? குடு, நானே எழுதறேன்'னு அம்மா பிடுங்கிக்குவா."

அவன் கை வேர்த்து ஈரமாக இருந்தது. டீச்சருக்குச் சுருக்கென்றது. நாத்தனாருக்காகத் தீட்டிய ஊசி முதலில் இறங்கப்போவது இந்தப் பிஞ்சுக் கையில் அல்லவா? அதற்காகக் கோபத்தை விட்டுவிட்டாளா? நல்லா விட்டாளே! ஆளை மட்டும் மாற்றினாள்.

கூட்டம் நிரம்பியதும் சாக்பீஸை நீட்டினாள். "அண்ணி, நீங்க வாங்க. இடது கையால அஞ்சு வரைக்கும் எழுதுங்க. பழகாத கைக்கு எழுத்து எப்படி இருக்கும்னு எல்லாரும் பார்க்கட்டும்."

"இதென்ன பெரிய வித்தையா?" என்று நாத்தனார் வீறாப்பாக வந்தாள். 1 சாய்ந்தது. 2 தள்ளாடியது. 3-இல் பாதி வளைவிலேயே கை நின்றுவிட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஒரு மூணு போட இவ்வளவு நேரமா? குடுங்க, நானே எழுதறேன்." டீச்சர் சாக்பீஸை வெடுக்கென்று பிடுங்கினாள்.

நாத்தனாருக்குக் காது மடல்வரை சிவந்தது. அது யாருடைய வார்த்தை என்று அவளுக்குத் தெரியாதா?

முன்வரிசையில் பட்டாணி துள்ளி எழுந்தான். "அம்மா! எனக்கும் அப்படித்தான் வருது!"

வாசலில் டீச்சர் மெல்லச் சொன்னாள்: "இனிமே தினம் பக்கத்துக்குக் கீழே 'நான் எழுதவில்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க, அண்ணி."

"என்னையே சந்தேகப்படறியா?"

"மூக்கு துடைக்கிறவதானே, சும்மா கேக்கறேன்."

திங்கட்கிழமை நோட்டு வந்தது. ஒரு 3 மல்லாந்து படுத்திருந்தது. இன்னொன்று அந்தப் பக்கம் பார்த்து நின்றது. முதுகைத் தடவினாள். மேடு மேடாக இருந்தது. ஓரிடத்தில் பென்சில் தாளையே துளைத்திருந்தது. அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டாள்.

நட்சத்திரம் பட்டாணிக்கு. கீழே இருந்த 'நான் எழுதவில்லை'யையும் கையெழுத்தையும் இரண்டு தடவை படித்தாள். அது தனக்கு.