நீலக் குடம்

தோளில் தூக்கும்போதே கொள்ளிக்குடம் சாத்தப்பன் கையிலிருந்து நழுவி வாசற்படியில் சிதறியது. தகப்பனாருக்காகச் சுடுகாட்டில் உடைக்க வேண்டிய குடம், பாடை புறப்படும் முன்பே உடைந்துவிட்டது.

தெருவை அடைத்துப் பங்காளிகள் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் தம்பியின் கடைசிக் காரியம் சிரிப்பாகிவிடக் கூடாது என்பதுதான் சாத்தப்பனின் பெரியப்பா முத்தப்பனின் கவலை.

உள்ளிருந்து தம்பி மனைவி தேனம்மையின் குரல் வந்தது. "அவுக பண்ணுன குடம் ஒண்ணு இருக்கு."

"அந்த வெளையாட்டுச் சாமானா? ஊரு பாக்கவா?"

"பொழுது எறங்குது. வேற எங்குட்டுப் போயித் தேடுவீக?"

முத்தப்பன் மேற்கே பார்த்துவிட்டுக் கையசைத்தார். நீல மெருகு பளபளக்க அந்தக் குடம் வெளியே வந்தது.

பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய தம்பி அழகுசுந்தரம், ஐம்பது வயதுக்கு மேல் பாலிடெக்னிக் மாலை வகுப்பில் பீங்கான் வேலை படிக்கச் சேர்ந்தார். மீசை முளைக்காத பையன்களோடு மண் பிசைந்துவிட்டு, முழங்கை வரை வெள்ளையாக டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார். அந்த நேரத்தில் முத்தப்பன் வீதிப்பக்கம் தலைகாட்ட மாட்டார்.

முதலில் செய்த கோப்பையைத் தம்பி அவருக்குத்தான் கொண்டுவந்தார். ஒரு பக்கம் சாய்ந்த கோப்பை.

"இதுல தண்ணி நிக்காதுடா. ஒழுகிப்போகும்."

"ஊத்திப் பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே."

முத்தப்பன் ஊற்றிப் பார்க்கவில்லை. மாடக்குழியில் கவிழ்த்து வைத்துவிட்டார்.

சுடுகாட்டில் சாத்தப்பன் குடத்தைத் தோளில் ஏற்றிச் சிதையைச் சுற்றினான். சுற்றுக்கு ஒரு துளை போட்டுத் தண்ணீர் ஒழுகவிடுவது முறை. சுடுகாட்டு வேலை பார்க்கும் மலையாண்டி அரிவாள் முனையால் கொத்தினார். 'டங்' என்றது. ஒரு சொட்டு வரவில்லை. இரண்டாம் சுற்றிலும் 'டங்'.

"அய்யா, அருவாதான் மழுங்குது. இது மண்ணா, இரும்பா?"

"அழகு போறதுக்கு இஷ்டமில்லாம இருக்காரு போல!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ இருமலில் சிரிப்பை மறைத்தார்கள்.

மூன்றாம் சுற்று முடிந்து, திரும்பிப் பார்க்காமல் சாத்தப்பன் குடத்தைப் பின்னால் போட்டான். அது உடையவில்லை. தண்ணீரைக் கொட்டிக்கொண்டே உருண்டு வந்து முத்தப்பனின் காலடியில் நின்றது. அதற்கு மேல் யாராலும் அடக்க முடியவில்லை. கொள்ளி வைக்க வேண்டிய மகனுக்கே தோள் குலுங்கியது.

முத்தப்பன் நிமிர்ந்து நின்றார்.

"என்னப்பா சிரிப்பு? எங்க வீட்டுச் சாமான். போட்ட ஒடனே ஒடைஞ்சிருமா?"

சிரிப்பு நின்றது.

"மலையாண்டி, கடப்பாரைய எடுத்துக்கிட்டு வா. ரெண்டு போடு போடணும், பாத்துக்க."

மூன்று போட வேண்டியிருந்தது.

ஊருணியில் குளித்துவிட்டு முத்தப்பன் ஈர வேட்டியோடு வீட்டுக்குத் திரும்பினார். மனைவி பெத்தாச்சி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் நேரே மாடக்குழிக்குப் போய்க் கோப்பையை எடுத்து, தூசியைத் துண்டால் துடைத்து நீட்டினார்.

"இதுல ஊத்து."

"நல்ல தம்ளர் இருக்கே!"

"ஊத்துங்கிறேன்ல."

தளும்ப ஊற்றினாள். குடிக்காமல் அதைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்து, கோப்பையைத் தூக்கி அடியில் விரல் வைத்துத் தடவினார்.

காய்ந்திருந்தது.