ஒரு அடுப்புக்கு ஒரு பலகை

உண்ணாமலைக்கு வாய் ஜாஸ்தி என்று அடி அண்ணாமலை கிராமத்தில் சொல்லாதவர்கள் கிடையாது. கிரிவலப் பாதை ஓரத்தில் சோடாவும் கடலை உருண்டையும் விற்கிற கடை அவளுடையது. கடையில் உட்கார்ந்தபடியே போகிறவர் வருகிறவரை எல்லாம் ஒரு கை பார்ப்பாள். அந்த வாய்க்காகத்தான் செங்கதிர் கபடிக் குழு அவளை டிக்கெட் வாசலில் நிறுத்தியிருந்தது. அவளைத் தாண்டி ஓசியில் உள்ளே போனவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

கொரோனா வந்து ஆட்டம் நின்று, மைதானமெல்லாம் நெருஞ்சி மண்டி, ஒருவழியாக மறுபடியும் ஆட அனுமதி கிடைத்தது. கூடவே ஒரு கொக்கியும் வந்தது. பார்க்க வருகிறவர்களை நெருக்கி உட்காரவைக்கக் கூடாது, ஆளுக்கு ஆள் இடைவெளி வேண்டும். மீறினால் ஆட்டத்தைப் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள், அப்புறம் மைதானமும் கிடையாது.

குழுவின் செயலாளர் சுஹைல், டவுனில் செல்போன் கடை வைத்திருப்பவன். கூட்டத்தில் கேலரியைத் தரையில் கோடு கிழித்துக் காட்டினான். சவுக்குக் கட்டை நட்டுப் பலகை போட்ட கேலரி. ஒவ்வொருவருக்கும் நடுவில் இடம் விட்டால் வழக்கமாக வருகிறவர்களில் கால்வாசிப் பேர்கூட உட்கார முடியாது. எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். உண்ணாமலைக்குப் பொறுக்கவில்லை.

“இன்னா தம்பி அநியாயமா கீது? ஒரே சட்டியில துன்னுட்டு ஒரே கூரையில படுத்துக்குனு வர்றாங்க. அவுங்களுக்கு நடுவுல எதுக்கு இடைவெளி? ஒரு அடுப்புல சாப்பிடறவங்க ஒண்ணா ஒக்காரட்டும். அடுப்புக்கும் அடுப்புக்கும் நடுவுல எடம் வுடு!”

சுஹைல் அவளையே பார்த்தான். பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு நேராகச் சுகாதார ஆய்வாளர் பரசுராமனிடம் போனான். அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார். “ஆனா ஒரே குடும்பம்தானான்னு நீங்கதான் பாத்துக்கணும். நான் வந்து கேப்பேன்.” இப்படித்தான் ஒரு அடுப்புக்கு ஒரு பலகை என்று முடிவாயிற்று. பலகைகளுக்கு நடுவே சுண்ணாம்பால் கோடு போட்டார்கள்.

ஒரே அடுப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரேஷன் கார்டைக் கேட்கலாம் என்றான் சுஹைல். “ஒரே கார்டுல பேர வெச்சுக்குனு மூணு ஊர்ல குடித்தனம் பண்றானுங்க. அத்த நான் பாத்துக்கறேன், நீ போ” என்றாள் உண்ணாமலை.

அவள் பார்த்துக்கொண்ட விதம் இருக்கிறதே, ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. ஒரே அடுப்பு என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும், ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு, காதோடு காதாக ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: “நேத்து ராத்திரி இன்னா கொழம்பு?” பதில் ஒத்துப்போனால் பலகை. ஒருவன் கீரை என்று சொல்லி இன்னொருவன் ரசம் என்று சொன்னால், அவ்வளவுதான், கிழி கிழி என்று கிழித்துத் தொங்கவிட்டுவிடுவாள்.

பிரியாணி மாஸ்டர் குலாம் ரசூல் தன் மனைவி முன்னி பேகத்தோடு நாலு சிநேகிதர்களையும் சேர்த்து அழைத்து வந்தார். புருஷனும் பெண்டாட்டியும் தால்ச்சா என்றார்கள். சிநேகிதர்கள் நாலு பேரும் நாலு குழம்பு சொன்னார்கள்.

“இன்னா பாய், உங்க வூட்ல ஓட்டல் நடக்குதா?”

“என் பிரியாணி தேக்சாவுல துன்னாத ஆளு இந்த ஊர்ல யாரு கீறான் சொல்லு தங்கச்சி! கணக்குப் பாத்தா ஊரே ஒரு அடுப்புதான்.”

“அப்ப ஊரையே கூட்டிக்குனு போயி உங்க மாடியில ஒக்காரவைங்க. நீங்களும் அக்காவும் மட்டும்னா தர்றேன்.”

அவர் முறுக்கிக்கொண்டு போனார். சனிக்கிழமை மனசு மாறித் திரும்பி வந்தபோது பலகை எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. முன்னி பேகம் வாசலில் நின்று புருஷனை ஒரு பார்வை பார்த்தாளே, அதற்கு உண்ணாமலையின் வாயே தேவலை.

சிரிப்பெல்லாம் சரி. ஊருக்குத்தானே உபதேசம்? உண்ணாமலையின் வீட்டிலேயே இரண்டு அடுப்பு எரிந்தது.

கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள் அவள். தம்பி பிரசாத்தை வளர்த்து, பூஜாவைக் கட்டிவைத்து, அவர்களுக்குப் பிறந்த மகிழினியை மடியிலிருந்து இறக்காமல் வைத்திருந்தவள். பிரசாத் செங்கதிர் குழுவின் ஆட்டக்காரன். ஊரடங்கு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் ஏரிக்கரைப் பக்கம் போய்ப் பயிற்சி எடுத்தான். ஜுரத்தோடு வந்தான். பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டது. உண்ணாமலை பதறிப்போய் வாய்க்கு வந்ததைப் பேசினாள். “புள்ளைய வுட ஆட்டம் பெருசாப் போச்சா? நீங்கல்லாம் பெத்தவங்களா?” என்றாள். பயத்திலும் அழுகையிலும் இருந்த பூஜா திருப்பிச் சொல்லிவிட்டாள்: “பெத்தாத்தான் தெரியும் அண்ணி அந்த வலி.”

பிள்ளை பிழைத்துக்கொண்டது. அந்தச் சொல்தான் பிழைக்கவிடவில்லை. மறுநாளே உண்ணாமலை பின்கட்டில் தனியாக அடுப்பு மூட்டினாள். அப்புறம் ஒரே வாசல், ஒரே குழாய், பேச்சு மட்டும் இல்லை. பூஜாவும் பல தடவை பின்கட்டுப் படி வரை வந்து நின்று திரும்பிப் போனாள். உண்ணாமலை பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை டிக்கெட் வாங்க மகிழினியைக் கையில் பிடித்துக்கொண்டு பூஜாவும் வரிசையில் வந்து நின்றாள்.

“எத்தினி பேரு?” உண்ணாமலை தலையைத் தூக்கவில்லை.

“ரெண்டு. நானும் பாப்பாவும்.”

“அத்தை?” என்று குழந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. உண்ணாமலை இரண்டு பேருக்குச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். வாசலை அடைத்த பிறகு தான் உட்காருவதற்கென்று வைத்திருந்த பலகை அவர்கள் பலகைக்கு அடுத்ததுதான். நடுவில் ஒரு சுண்ணாம்புக் கோடு. தான் போட்ட விதி, தானே அனுபவிக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று முழுக்க டிக்கெட் கொடுத்துக் கத்திக் களைத்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தாள். அடுப்பு மூட்டத் தெம்பில்லை. பின்கட்டுப் படியில் தட்டு போட்டு மூடிய கிண்ணம் ஒன்று இருந்தது. திறந்தால் சுடுசோறு, மேலே குழம்பு. கத்திரிக்காயும் பச்சை மல்லாட்டையும் போட்ட புளிக்குழம்பு. ஒரு வாய் வைத்ததுமே யார் கை என்று தெரிந்துவிட்டது. வேர்க்கடலையை அப்படித் தோல் உரித்து நசுக்கிப் போடுகிறவள் இந்தத் தெருவில் ஒருத்திதான். பசியா, பாசமா, எதுவோ ஒன்று கையை நிறுத்தவிடவில்லை. வழித்துச் சாப்பிட்டாள். கிண்ணத்தைக் கழுவி அதே படியில் கவிழ்த்துவைத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். முகக்கவசத்துக்குள்ளிருந்து விசில் அடிப்பது எப்படி என்று தெரியாமல் பையன்கள் திண்டாடினார்கள். ஆனால் பிரசாத் முதல் தடவை கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு உள்ளே பாய்ந்ததும் எழுந்த சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! உண்ணாமலைக்கு உடம்பு சிலிர்த்தது. வாசலை அடைத்துவிட்டு வந்து தன் பலகையில் தனியாக உட்கார்ந்தாள். எதிர் அணியான கீழ்பென்னாத்தூர் ஆட்கள் நாலு பேர் பிரசாத்தின் காலைப் பிடித்தார்கள். அவன் உதறிக்கொண்டு வந்து நடுக்கோட்டைத் தொட்டான். கேலரியே எழுந்து குதித்தது.

அந்தக் குஷியில் மகிழினி சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி ஓடிவந்து அத்தையின் மடியில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

“யக்கா! அது வேற அடுப்பு!” மேலிருந்து ஒரு குரல் வந்தது. டிக்கெட் வாசலில் சிநேகிதர்களோடு வந்து அவளிடம் திட்டு வாங்கி, பிறகு தன் வீட்டாரோடு வந்து பலகை வாங்கியவன்தான். “எங்கள மட்டும் வெரட்டினியே, இப்ப இன்னா சொல்ற?” இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். சிலர் கோட்டைத் தாண்டத் தொடங்கினார்கள். வேலி ஓரம் நின்றிருந்த பரசுராமன் கையைத் தூக்க, நடுவர் விசில் ஊதினார். ஆட்டம் நின்றது.

சுஹைலுக்கு முகமே செத்துப்போயிற்று. “சார், கொழந்த சார்...”

“சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாங்க. இவங்க ஒரே அடுப்பா, வேறயா? வேறன்னா பாப்பாவ எடம் மாத்துங்க. இல்லாட்டி கேலரியக் காலி பண்ணவேண்டியதுதான்.”

“கொழம்பக் கேளுங்க சார்!” என்று கத்தினார்கள். பரசுராமனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் பூஜாவிடம் குனிந்து கேட்டார். அவள் ஏதோ முணுமுணுத்தாள். பிறகு உண்ணாமலையிடம் வந்தார்.

“நேத்து ராத்திரி என்ன கொழம்புங்க?”

நான் அடுப்பே மூட்டவில்லை என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான். குழந்தை கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடும், ஆட்டமும் நடக்கும், வீறாப்பும் நிற்கும். நடுக்கோட்டருகே பிரசாத் தலை குனிந்தபடி நின்றான். பூஜா முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். மகிழினியின் கை கழுத்தை இறுக்கியது. போதும்டி உன் வீறாப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டாள் உண்ணாமலை.

காதோடு சொல்லவில்லை. ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

“கத்திரிக்காயும் மல்லாட்டையும் போட்ட புளிக்கொழம்பு. வெச்சது எந் தம்பி பொண்டாட்டி. துன்னது நானு. உப்புதான் கொஞ்சம் கம்மி!”

பரசுராமன் பூஜாவைப் பார்த்தார். சரி என்று தலையாட்டினார். கேலரி ஓவென்று கத்தியது.

“உப்பு கம்மின்னா கிண்ணத்தக் கவுத்துட்டுப் போயிடறதா?” பூஜாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. “உள்ள வந்து கேட்டு வாங்கிப் போட்டுக்கக் கூடாதா அண்ணி? நான் அன்னிக்குச் சொன்னது தப்புதான். எத்தினி நாளு படி வரிக்கும் வந்து நின்னேன் தெரியுமா?”

“எனக்கு மட்டும் தெரியாதா? நானும் கொஞ்சமாவா பேசினேன்?” உண்ணாமலையின் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போய் பூஜாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த பிறகுதான் பார்த்தாள். தன் பலகை காலி. டிக்கெட் வாசல் புத்தி சும்மா இருக்குமா? வேலிக்கு வெளியே குலாம் ரசூலும் முன்னி பேகமும் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பாய்! இங்க ஒரு அடுப்பு கொறஞ்சுபோச்சு. அக்காவைக் கூட்டிக்குனு சீக்கிரம் வாங்க!”

“கொழம்பு கேக்கலியா தங்கச்சி?”

“பேசாம வந்து ஒக்காருங்க பாய்!”

விசில் ஊதினார்கள். பிரசாத் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டான். பூஜா அவனிடமிருந்து பார்வையை எடுக்காமலே கேட்டாள்.

“ராத்திரிக்கு இன்னா கொழம்பு வெக்கட்டும் அண்ணி?”

“எதுன்னாலும் வையி. உப்ப நான் வந்து போடறேன்.”