விழுங்கிய எழுத்துகள்

அவள் விழுங்கிய எழுத்துகள் வயிற்றுக்குப் போகவில்லை; சட்டைக் கை வழியாகக் கடுகளவு உருண்டைகளாக உதிர்ந்து நாற்காலிக்கடியில் கிடந்தன. அவள் வேலை பார்த்த கால் சென்டரில் கூட்டிப் பெருக்குகிற அம்மாதான் முதலில் பார்த்தாள். குப்பை போடுவதற்கும் ஒரு அளவு உண்டு என்று சிடுசிடுத்தாள். விஷயம் இவ்வளவுதான்: நம் பேச்சில் எல்லா எழுத்துக்கும் ஒரே மரியாதை, இங்கிலீஷில் அப்படியில்லை. ‘கம்ஃபர்ட்டபிள்’ என்றால் முதல் எழுத்தை ஓங்கி அழுத்திவிட்டு, நடுவில் இருப்பதைச் சத்தம் போடாமல் விழுங்கிவிட வேண்டும். உச்சரிப்புத் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டவளுக்கு மூன்றாம் முறைதான் அது கைவந்தது. வராமல் போயிருந்தால் வேலை போயிருக்கும். வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை.

புருஷன் எலெக்ட்ரீஷியன். ஏணியிலிருந்து விழுந்ததில் உயிர் பிழைத்தது, பேச்சு போயிற்று; இரண்டு வருஷமாக எல்லாவற்றுக்கும் தலையாட்டல்தான். பெருக்குகிற அம்மாவின் வாய்க்குப் பயந்து அவள் உருண்டைகளை டிபன் டப்பாவில் அள்ளிக்கொண்டு வந்தாள். டப்பாவைக் கழுவ எடுத்தவன், என்ன நினைத்தானோ, ஒன்றை நாக்கில் வைத்தான். “ர” என்றான். உருண்டை கரைந்துவிட்டது. இன்னொரு எழுத்துக்கு இன்னொரு உருண்டை வேண்டியிருந்தது.

அப்புறம் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. விழுங்க வேண்டியதையும் விழுங்கினாள், வேண்டாததையும் விழுங்கினாள். டப்பா நிறைந்தது, போனில் பேசியவர்களுக்கோ ஒரு மண்ணும் விளங்கவில்லை. புகார்மேல் புகார். இன்னொன்று வந்தால் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று சூப்பர்வைசர் கடிதமே கொடுத்துவிட்டார். அவள் வீட்டில் மூச்சுவிடவில்லை. ஆனால் பையில் இருந்த கடிதத்தை அவன் படித்துவிட்டான். அதற்கப்புறம் பதினோரு நாள் ஒரு உருண்டையையும் தொடவில்லை. கிடைத்த பேச்சும் போய்விட்டதோ என்று அவள் தினமும் டப்பாவை அவன் முன்னால் திறந்து வைத்தாள். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் அவளை எதிரில் உட்காரவைத்து, சேர்த்துவைத்திருந்த உருண்டைகளை ஒவ்வொன்றாக நாக்கில் போட்டு, எந்த எழுத்தையும் அழுத்தாமல், எதையும் விழுங்காமல் சொன்னான்.

“ரொம்ப முழுங்காதே. வேலை போயிடும். எனக்கு தினம் ஒரு வார்த்தை போதும்.”

மறுநாளிலிருந்து அவள் இங்கிலீஷ்காரர்கள் விழுங்குவதை மட்டும் விழுங்கினாள். புகார் நின்றது. அவளிடம் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பெருக்குகிற அம்மாவே உருண்டைகளைக் கூட்டி, காகிதத்தில் பொட்டலம் கட்டி மேஜைமேல் வைக்க ஆரம்பித்தாள். முதல் பொட்டலத்தில் ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் தேறியது. ராத்திரி சோற்றில் கை வைத்ததுமே அவன் அதைச் செலவழித்தான்.

“உப்பில்லை.”

இரண்டு வருஷமாகத் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டவன். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் உப்பு டப்பாவை எடுத்துவந்தாள்.