மேட்டு அண்ணாச்சிக்குக் கொஞ்சம் காற்று

ஆவரைவிளையில் லிங்கத்துரையின் வீடு மணல்மேட்டுக்கு அடியில் இருந்தது. லிங்கத்துரை அந்த வீட்டுக்குள் இருந்தார். பதினோரு வருஷமாக அப்படித்தான். செம்மணல் தேரிக்காட்டின் ஓரத்தில் குடியிருந்தால் இப்படிச் சிலது நடக்கும் என்று ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேடு வந்த அன்று அவர் குளியலறையில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். பாதியில் கரண்டு போய்விட்டது. மனைவி சுயம்புக்கனி தெருவில் நின்று, மேடு வருகிறது, வெளியே வாருங்கள் என்று கூப்பிட்டாள்.

"கரண்டு வரட்டும். அரைகுறை மூஞ்சியோட வர முடியாது," என்றார் லிங்கத்துரை.

பிடித்த பிடியில் நிற்கிற மனிதர். மேடு ஆடிக்காற்றோடு தெருவுக்குள் வந்தது. ஆள் உள்ளே இருக்கிறாரே என்று கொஞ்சம் தயங்கியது. பிறகு உட்கார்ந்துவிட்டது.

சுயம்புக்கனி எதிர்வீட்டில் குடியேறினாள். தினமும் காலையில் மணலில் காதை வைப்பாள்.

"கரண்டு வந்துட்டா?" என்று அடியிலிருந்து குரல் வரும்.

"இல்ல."

"அப்பொ நாளைக்கிப் பாப்போம்."

அவ்வளவுதான் குடும்பம். அவளுக்கு அவர் மேல் கோபம் கோபமாக வரும். அதைவிட அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவாய் காப்பி குடிக்க வேண்டும் என்று இருக்கும். இரண்டையும் மணலிடம் சொல்ல முடியாது.

கரண்டு ஆபீசில் கேட்டுப் பார்த்தாள். மேட்டுக்கு அடியில் லைன் கொடுக்க வழியில்லை, மேடு எழுந்தால் கொடுக்கலாம் என்றார்கள். மேட்டிடம் போய்க் கேட்டாள்.

"எந்திரிக்கணும்னு எனக்கும் ஆசைதான், தங்கச்சி," என்றது மேடு. "இந்த வேக்காட்டுல எங்க போவ? போற எடமெல்லாம் வெயிலு."

நியாயமான பேச்சு. ஊரே அதை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். யாரிடமும் ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை.

பங்குனி மாதம் ஜெபஸ்டின் வந்தான். சோலார் மாட்டுகிறவன். பைக்கின் பின்னால் ஏணி கட்டியிருந்தான். மாடியில் ஏறி, கண்ணுக்கு மேல் கையை வைத்து, வெயிலை ஏற இறங்கப் பார்த்தான். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்பதைப் போல வெயில் அடக்கமாக நின்றது.

"அருமையான வெயிலுக்கா. இத்தனை வருஷம் வீணாக் கெடந்துருக்கு," என்றான் ஜெபஸ்டின்.

நன்மைகளை அவன் வரிசையாகச் சொன்னான். ஊரில் கரண்டு போனாலும் பகலில் இந்த வீட்டில் ஃபேன் சுற்றும், அதற்குத் தகுந்த இன்வெர்ட்டர் பெட்டி வைத்துத் தருகிறேன் என்றான். பேனல் நிழலில் மாடி கொதிக்காது. உள்ளே இருக்கிறவர்களுக்குப் புழுக்கம் குறையும். வேறு ஊர்க்காரர்கள் வெயில் தேடி அலைகிறார்கள், இங்கே அது வாசலிலேயே நிற்கிறது.

"மேட்டுக்கு அடியில லைட்டு எரியுமா?"

"ஒயர் எட்டுனா எரியும்."

"சரி, மாட்டு."

"ஒரு வேலைதான் உங்களுக்கு. தூசி படிஞ்சா ஈரத்துணியால தொடச்சிரணும். பேட்டரி பொறவு வாங்கிக்கிடலாம். சூரியன் இருக்க வரைக்கும் கரண்டு இருக்கும்."

சூரியன் அவன் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டியது.

பேனல் ஏறியதும் சுயம்புக்கனி முதல் வேலையாக ஒயரை எடுத்துக்கொண்டு மேட்டிடம் போனாள். ஒரு முழம் உள்ளே விட்டாள். மேடு நெளிந்தது.

"வேண்டாம் தங்கச்சி. விலாவுல கூசுது."

"கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க அண்ணாச்சி. அங்கன ஒருத்தரு இருட்டுல இருக்காரு."

"பொறுத்துக்கிடத்தான் பாக்கேன்." அதற்குள் மேட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உச்சியிலிருந்து ஒரு வண்டி மணல் சரிந்து ஒயரை மூடியது. இழுத்தால் வெறும் முனைதான் கைக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. அழுதாள். வேர்த்தது. ஃபேனைப் போட்டாள். ஜன்னல் திறந்திருந்தது. காற்று ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போனது.

"அது என்ன காத்து?" என்று தெருவிலிருந்து குரல் வந்தது.

சுயம்புக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குள் ஒரு குறும்பு எழுந்து உட்கார்ந்தது.

"ஃபேன் காத்து, அண்ணாச்சி."

"மேல்காத்தா, கீழ்காத்தா?"

"நம்ம காத்து. சுவிச்சு போட்டா வரும்."

மேடு யோசித்தது. "நான் பொறந்ததுலருந்து காத்து என்னயத் தள்ளித்தான் பாத்துருக்கேன். தடவிப் பாத்தது இல்ல."

"உள்ள வாங்க. வந்து உக்காருங்க."

"கூட்டமா இருக்குமே."

"நான் ஒருத்திதான்."

மேடு வந்தது. வாசலில் கொஞ்சம் நின்று, காலில் ஒட்டியிருந்த முள்ளையும் ஓலையையும் உதறிவிட்டு உள்ளே நுழைந்தது. அரிசிப்பானையை அவள் பரண் மேல் ஏற்றினாள். மேடு கட்டிலில் உட்கார்ந்தது. கட்டில் மறைந்தது. பின்னும் வந்துகொண்டே இருந்தது. அறை அதற்குத் தக்கபடி நீண்டு கொடுத்தது. அடுப்படி இப்போது அடுத்த தெருவில் இருந்தது. அவள் அங்கே நடந்து போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். மேடு சத்தமில்லாமல் குடித்தது.

பக்கத்துவீட்டு ராஜகனி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "விருந்தாளியா மைனி?"

"ஆமா."

"சாப்பிட்டுட்டுப் போவாவளா?"

"தெரியல."

எதிரே பழைய வீட்டின் ஓடு தெரிந்தது. சுவர் தெரிந்தது. நீலக் கதவின் மேல்பாதி தெரிந்தது. கீழ்ப்பாதியில் இன்னும் மணல் கிடந்தது.

"அண்ணாச்சி, கதவடியில கெடக்க அந்தக் காலையும் உள்ள இழுத்துக்கிடுங்களேன்."

"அது அங்கனயே கெடக்கட்டும் தங்கச்சி. பழகின எடம்."

அப்போது ஃபேன் மெதுவானது. அண்ணாச்சி தெருவைக் கடந்தபோது கிளம்பிய புழுதி முழுவதும் பேனல் மேல் போய்ப் படிந்திருந்தது. ஃபேனின் இறக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல ஆயிற்று.

"காத்து போச்சே," என்றது மேடு. "சரி, நான் பொறப்படுதேன்."

சுயம்புக்கனி கொடியில் கிடந்த துணியைத் தண்ணீரில் முக்கினாள். மாடிப்படியில் ஏறினாள். படி அன்றைக்கென்று நீண்டுகொண்டே போனது. அவள் அதைத் திட்டினாள். படி வெட்கப்பட்டு நின்றது. மாடிக்குப் போய் ஒவ்வொரு பேனலாகத் துடைத்தாள். குழந்தைக்கு முகம் துடைப்பதைப் போல மூலை முடுக்கு விடாமல் துடைத்தாள். கீழே ஃபேன் சத்தம் எழுந்தது.

"ஆங்," என்றது மேடு. எழுந்தது திரும்ப உட்கார்ந்தது. அந்தச் சுகத்தில் காலையும் இழுத்துக்கொண்டது.

நீலக் கதவு திறந்தது. லிங்கத்துரை வெளியே வந்தார். ஒரு கன்னத்தில் நுரை இருந்தது. கையில் சவரக்கத்தி. மேடு மூடிய அன்று எந்த வயதோ அதே வயது. அவளுக்கு முன்நெற்றி முடி முழுக்க நரைத்திருந்தது.

"கரண்டு வந்துட்டா?"

"வந்துட்டு."

"கொஞ்சம் லேட்டு."

அவளுக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது. ஒரு அறை விடவும் தோன்றியது. இரண்டுக்கும் கை ஒன்றாக எழுந்ததால் வெறுமனே அவர் தோளில் இருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

"வாங்க. நம்ம வீட்டுல லைட்டு எரியுது. மிச்சத்த அங்கன வச்சு மழிச்சுக்கிடுங்க."

அவர் உள்ளே வந்து பார்த்தார். "கட்டில்ல யாரு?"

"அண்ணாச்சி."

"எப்பப் போவாரு?"

"ஃபேன் நின்னா."

"ஃபேன் எப்ப நிக்கும்?"

அவள் ஜன்னல் வழியாகச் சாய்கிற வெயிலைப் பார்த்தாள்.

லிங்கத்துரை முகம் பார்க்கும் கண்ணாடியைத் தேடிச் சுவரில் மாட்டினார். விளக்கைப் போட்டார். மழிக்கப் போனவர் திரும்பிப் பார்த்தார். "ஏட்டி, ஒண்ணு சொல்லிக்கிடுதேன். மறுபடி கரண்டு போச்சுன்னா நான் அங்கனயே போயிருவேன். சும்மா அலைய என்னால ஆகாது."

சொன்னால் செய்கிற மனிதர். அண்ணாச்சியும் பழகின இடத்துக்கே போகிறவர். இருவரும் ஒரே நேரத்தில் தெருவைக் கடந்தால் யார் அடியில் இருப்பார்கள் என்று சுயம்புக்கனிக்குத் தெரியும்.

அவள் மாடிக்கு ஓடினாள். சூரியன் மேற்கே இறங்க ஒரு காலை எடுத்து வைத்திருந்தது.

"எங்க போறிய?"

"நேரமாச்சும்மா."

"அவரு இன்னும் பாதி மொகம் மழிக்கல. பொறவு குளிக்கணும். சாப்பிடணும். எங்கிட்ட ரெண்டு வார்த்த பேசணும்."

"பேட்டரி வாங்கலயா?"

"பொறவு வாங்கலாம்னுட்டாவ."

சூரியன் மேற்கே பார்த்தது. எடுத்து வைத்த காலைப் பார்த்தது. அவள் கையில் இருந்த ஈரத்துணியைப் பார்த்தது. பிறகு தண்ணீர்த்தொட்டியின் விளிம்பில் இடம் பார்த்து உட்கார்ந்தது.

"மெதுவாவே மழிக்கட்டும்," என்றது.